பத்தடிக்கு அப்பால்

ஒரு கணினிக்குள் ஒரு பெட்டி. அந்தப் பெட்டி நிறைய, ஆராய்ச்சிக்காக எண்களால் செய்த தண்ணீர். அதில் தாரை என்ற நீர்த்துகளும் உப்பன் என்ற உப்புத்துகளும் இணைபிரியாமல் இருந்தார்கள். உப்பன் எந்தப் பக்கம் போனாலும் அவன் இழுப்புக்குத் தாரையின் முகம் தானாகத் திரும்பும்.

ஒரு நாள் நெரிசலில் உப்பன் பத்தடியைத் தாண்டி ஒதுங்கிவிட்டான். உடனே, கணக்கைச் சுருக்க ஆராய்ச்சிக்காரர்கள் போட்டிருந்த எல்லைக்கோடு நடுவே வந்து நின்றது.

"பத்தடிக்கு மேல் யார் இழுப்பும் செல்லாது" என்றது கோடு.

"ஓரடிதானே கூடுதல், அண்ணே!" என்று தாரை கெஞ்சினாள். "அவன் இன்னும் இழுத்துக்கொண்டுதானே இருக்கிறான்?"

"அது கொசு இழுப்பு, தாயி. அந்தப் பக்கம் இன்னும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எல்லார் இழுப்பையும் கணினி கூட்டிக்கொண்டிருந்தால், ஆடியில் தொடங்கிய ஆராய்ச்சி தையில்கூட முடியாது."

"ஆயிரம் பேரும் சேர்ந்து இழுத்தாலும் கொசுதானா?"

"சேர்த்துப் பார்த்தால்தானே தெரியும்?" என்று கோடு சிரித்தது.

"தாரை, இந்தப் பக்கம் திரும்பேன்!" என்று அப்பாலிருந்து உப்பன் கூப்பிட்டான்.

அவளுக்குக் கேட்டது. முழுமூச்சாகத் திரும்ப முயன்றாள். பக்கத்திலிருந்தவர்களின் இழுப்பு மட்டும்தான் அவள் உடம்பில் ஏறியது. முகம் மறுபக்கம் போய் நின்றது.

"என்மேல் கோபமா, தாரை?"

அதற்கப்புறம் அவள் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கவே இல்லை.