மூக்கின் மேல் சுண்ணாம்புத் தூள்

பள்ளிக்கூட வகுப்பறைத் தரையில் லாரி டிரைவர் படுத்திருக்கிறான். குண்டுச் சில்லு கிழித்த அவன் தொடையில் துணியைத் திணித்து, இரண்டு கைகளாலும் அழுத்தியபடி மண்டியிட்டிருக்கிறார் ராணுவ மருத்துவ உதவியாளர். மற்றவர்கள் பதுங்குகுழிக்கு ஓடிவிட்டார்கள். வெளியே குண்டு விழும்போதெல்லாம் கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் ஜன்னல் வெயிலில் மினுங்கியபடி இறங்கி, படைப்பிரிவிலேயே பெரிதான அவர் மூக்கின் மேல் சாவகாசமாக உட்காருகிறது. ரத்தம் நின்றதா என்று பார்க்க அவருக்குக் கை பரபரக்கிறது. ஆனால் பார்ப்பதற்காகக் கையை எடுத்தால் மறுபடி பெருகிவிடும், ஆள் தங்கமாட்டான். "நீங்களும் ஓட வேண்டியதுதானே, சார்?" என்கிறான் டிரைவர். "ரெண்டு கையும் உங்கிட்ட மாட்டிக்கிச்சே, எப்படி ஓடுறது? அத விடு, மூக்கு அரிச்சு உயிர் போகுதுப்பா." "உயிர் போறது எனக்கா, உங்களுக்கா?" டிரைவரின் கை மெல்ல எழுகிறது. துணி திணிக்கும் முன் நாடி பார்த்தபோது ஐஸ்கட்டியாக இருந்த கை. அது எங்கே போகிறது என்று, குண்டுச் சத்தத்தையும் மறந்து, வேடிக்கை பார்க்கும் பிள்ளை மாதிரி அவர் பார்க்கிறார். அது காற்றில் தடுமாறி, கன்னத்தில் இடித்து, மூக்கைக் கண்டுபிடித்துச் சொறிகிறது. "இங்கயா, சார்?" "கொஞ்சம் மேல." விரல்நுனி வெதுவெதுப்பாக இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் சொறி," என்கிறார் அவர், அரிப்பு நின்ற பிறகும்.