மேட்டுச் சோதனை

1968-இல் தொழிற்சாலையை விட்டு வந்த அந்தக் காரின் பின் சீட்டில், ஞாயிற்றுக்கிழமை காலை, விற்பவரின் மருமகன் மூக்குவரை மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளைக்குப் பல்வலி, வாயைத் திறக்க முடியலை," என்றார் முன் சீட்டில் இருந்த மாமனார். "படுத்துக்கங்கன்னா கேக்கலை. இந்த வண்டின்னா அவருக்கு உசிரு."

"ம்," என்றார் மருமகன்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஆடிட்டருக்குப் பல்வலியில் அக்கறை இல்லை. அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தே பேர் வாங்கியவர் அவர். ஆனால் போன வருடம் அவர் வாங்கிய பழைய கார் வாசலைத் தாண்டாமலே உயிரை விட்டது. அன்றிலிருந்து மச்சான் எந்த விசேஷத்திலும் அவரை விட்டுவைப்பதில்லை. "இந்தத் தடவையும் ஏமாந்து வந்தீங்கன்னா எங்க அண்ணன் முன்னாடி நான் தலைகாட்ட முடியாது," என்று மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

அதனால் ஆடிட்டர் படித்துவிட்டு வந்திருந்தார்.

"அந்தக் காலத்து வண்டியில ஏசி காத்தைத் திருப்பி விடறதுக்கு மோட்டார் கிடையாது, தெரியுமா சார்? எல்லாம் உறிஞ்சுற வேலைதான். இன்ஜின் காத்தை உறிஞ்சும். அந்த இழுப்பு மெல்லிசா ஒரு டியூப் வழியா வந்து, டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற சின்னக் கதவுகளை இழுக்கும். காத்து முகத்துக்கு வர்றதும் காலுக்குப் போறதும் அப்படித்தான்."

"அடேயப்பா!" என்று வாயைப் பிளந்தார் மாமனார். முப்பது வருடமாக அந்தக் காரை வைத்திருந்தவர்.

"டியூப்ல ஓட்டை விழுந்தா இழுப்பு போச்சு. காத்து மொத்தமும் முன் கண்ணாடிக்குப் போயிடும். நாம வேர்த்துக் கொட்டுவோம், கண்ணாடி குளுகுளுன்னு இருக்கும்."

"பானெட்டைத் திறந்து காட்டவா சார்?"

"எதுக்கு? மேடேறும்போது ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்ஜின் இழுப்பு குறையும். வண்டவாளம் தானா வெளியே வந்துடும்."

லீவரைத் தள்ளினார். முகத்துக்குக் குளிர்காற்று வந்தது. இன்னொரு பக்கம் தள்ளினார். ஒரு நொடி தயங்கி, காற்று காலுக்கு இறங்கியது. பழைய வண்டிக்கு அந்தத் தயக்கம் சகஜம் என்று படித்திருந்ததால், தலையை ஆட்டிக்கொண்டு லீவரை மறுபடி முகத்துக்கே கொண்டுவந்தார்.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை. வண்டி குலுங்கியது. பின்னால் மருமகன் மப்ளருக்குள் தும்மினார். காற்று சட்டென்று கண்ணாடிக்குத் தாவி, மறுகணம் முகத்துக்குத் திரும்பியது.

"என்ன சார் அது?" என்றார் மாமனார் பதறி.

"பயப்படாதீங்க. குலுக்கல்ல கதவு அசைஞ்சிருக்கும்," என்று ஆடிட்டரே அவருக்குத் தைரியம் சொன்னார்.

ரயில் பாதைக்கு மேலே போகும் பாலம் வந்தது. ஆடிட்டர் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். இன்ஜின் முக்கி முனகிக்கொண்டு ஏறியது. மாமனார் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மருமகன் மூச்சுக் காட்டவில்லை.

உச்சி வரைக்கும் காற்று ஆடிட்டரின் முகத்தை விட்டு இம்மியும் நகரவில்லை.

"இழுப்புன்னா இதுதான் சார் இழுப்பு!" ஆடிட்டர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "புது வண்டியே இப்படி நிக்காது. எப்படி சார் வெச்சிருக்கீங்க?"

"எல்லாம் மாப்பிள்ளைதான். உசிரைக் கொடுத்துப் பார்த்துக்கிறார்."

"ம்," என்றார் மருமகன்.

வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் விலைப் பேச்சு சட்டென்று முடிந்தது. ஆடிட்டர் கையெழுத்துப் போட்டார், சாவி கைமாறியது. அவர் தெரு ஓரமாக ஒதுங்கி மனைவிக்குப் போன் போட்டார்.

"முடிச்சுட்டேன். அக்கு வேறா ஆணி வேறா பார்த்துட்டேன். எங்கிட்ட எவன் காதுல பூ சுத்த முடியும்? உங்க அண்ணனைச் சாயங்காலமே வரச் சொல்லு. அந்தப் பாலத்து மேல நானே ஏத்திக் காட்டறேன்."

மாமனார் காரின் பின் கதவைத் திறந்து, குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"வித்தாச்சு மாப்பிள்ளே, டியூபை வாயிலேர்ந்து எடுங்க."