கழற்றாத சட்டை

"பீரோவுல இல்ல, சாமி படத்துக்கிட்டயும் இல்ல. எழிலு தாலியக் கழட்டி ஒன்கிட்டதானடா குடுத்துட்டுப் போனா? எங்க வெச்ச?"

அம்மா விருத்தாம்பாள் கேட்டதற்கு பாலகுமார் ஃபேனை ஐந்தில் வைத்தான்.

"பத்திரமா இருக்கும்மா."

"பத்திரமா எங்க?"

"அவ வரட்டும்மா, சொல்றேன்."

அவள் வர இன்னும் கால் மணி நேரம்தான். கஜகஸ்தானில் நடந்த சர்வதேசப் பெண்கள் மல்யுத்தப் போட்டி, ஐம்பத்தைந்து கிலோ பிரிவு, வெண்கலப் பதக்கம். கடலூர் முதுநகரில் அந்தத் தெருவே வாசலுக்கு வந்து நின்றுவிட்டது. இத்தனை பேர் பார்க்க மருமகள் வெறுங்கழுத்தோடு வாசப்படி ஏறக் கூடாது. ஆலாத்தி எடுக்கும்போது தாலி கழுத்தில் இருக்க வேண்டும். விருத்தாம்பாளுக்கு அந்த ஒரே கவலை.

"கழட்டாமலே போயிருக்கலாம்ல?" என்றாள் பக்கத்து வீட்டு சௌந்தரம், ஆலாத்தி கரைத்துக்கொண்டே.

"கழுத்துல ஒரு கயிறு இருந்தாலும் ரெஃப்ரி எறங்க விடமாட்டாராம். போன வருஷம் கோச்சுகிட்ட குடுத்து வெச்சா. அந்த மனுசன் பாக்கெட்டுல போட்டுட்டு, மறந்து பேன்ட்டோட சோப்புல ஊற வெச்சுட்டாரு. அதான் இந்தத் தடவ புருசன்கிட்ட குடுத்தா."

"கோச்சே தேவலாம் போலருக்கே."

"அத ஏன் கேக்குற? இவனுக்கு எதுலயும் அக்கற கெடையாது. மேட்ச் அன்னைக்கு சிதம்பரம் போய் நடராஜர கும்புட்டுட்டு வாடான்னு அனுப்புனேன். கனகசபையில ஏறணும்னா சட்டையக் கழட்டணுமாம். தொர மாட்டேன்னுட்டு, கீழயே நின்னு கும்புட்டுட்டு வந்திருக்காரு."

"ஆம்பளைக்கு என்ன வெக்கம்?"

"தொப்ப விழுந்துடுச்சுல்ல, அந்த வெக்கம்தான். அவ என்னடான்னா ரெண்டாவது ரவுண்டுல மங்கோலியாக்காரிய மல்லாத்தி, ரெண்டு தோளையும் தரையோட அழுத்திட்டாளாம். இவன் சட்டையக் கழட்டலையாம்."

பாலகுமார் காதில் விழாதவன் போலக் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கத்திரி வெயிலில் அவனுக்கு வேர்வை கொஞ்சம் ஜாஸ்திதான்.

வாசலில் சரவெடி வெடித்தது. ஆட்டோவிலிருந்து எழிலரசி இறங்கினாள். புருவத்தில் ஒரு பிளாஸ்திரி, கையில் பதக்கம், முகமெல்லாம் சிரிப்பு. சௌந்தரம் தட்டை ஏந்திக்கொண்டு போனாள், அந்த வெறுங்கழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பின்னாலிருந்த பெண்கள் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள்.

"டேய், போய் எடுத்துட்டு வாடா" என்றாள் விருத்தாம்பாள்.

பாலகுமார் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"தொலைச்சுட்டியாடா?" என்றாள் அம்மா. அத்தனை பேர் நடுவில் மருமகள் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

எழிலரசி நேரே புருசன் எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, சொன்ன மாதிரி கழட்டாம இருந்தீங்களா?"

"நீ போட்டுவிட்டது. நீதான எடுக்கணும்?"

மங்கோலியாக்காரியை மல்லாத்திய கையால் அவன் சட்டையின் மேல் பட்டன் இரண்டையும் அவள் கழற்றினாள். உள்ளே, பன்னிரண்டு நாள் வேர்வையில் ஊறிப்போன மஞ்சள் கயிற்றில், அவளுடைய தாலி அவன் கழுத்தில் தொங்கியது.

"பீரோவுல வெச்சுப் பூட்ட மனசு வரலம்மா" என்றான் பாலகுமார். "இதோட அத்தன தீட்சிதருங்க முன்னாடி எப்படிம்மா சட்டையக் கழட்டுறது?"