ஒரு புஷ் மட்டும்

“இதையும் மாத்திட்டேன்னு சொன்னீங்களே, அரசப்பண்ணே?”

சத்யப்ரியா கையில் பழைய பித்தளை புஷ், உருளையின் தண்டு சுழலும் வளையம், இருந்தது. உப்பைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் கடைசி உருளையிலிருந்து அவளே கழற்றியது. பொட்டு கிரீஸ் இல்லை. காய்ந்துபோய் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது.

ஃபிட்டர் அரசப்பன் தரையைப் பார்த்தார்.

மரக்காணத்து உப்பு மில்லில் இன்ஜினீயராகச் சேர்ந்ததும் அவள் மல்லுக்கட்டி வாங்கியவை அந்தப் பிளாஸ்டிக் புஷ்கள். எண்ணெய் விட வேண்டாம், கிரீஸ் வைக்க வேண்டாம். வழவழப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. உப்புக் காற்றில் துரு ஏறாது. சாப்பிடுகிற உப்பில் கிரீஸ் சொட்டாது. நைலான் என்றால் ஈரத்தில் ஊதிக்கொண்டு தண்டைப் பிடித்துவிடும் என்று, ஈரம் குடிக்காத ரகமாகத் தேடி எடுத்திருந்தாள்.

முதலாளி தாஜுதீன் பாய் அரை மனசாகத்தான் சம்மதித்தார். “ஏதாவதுன்னா உன்னைத்தாம்மா கேப்பேன்.”

புஷ் மாற்றியதும் மற்ற உருளைகள் எல்லாம் வாயடைத்துவிட்டன. இது மட்டும் அரவை இரைச்சலையும் மீறி, கீச் கீச்சென்று கத்தி அவள் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

“ஏண்ணே பொய் சொன்னீங்க? நேத்து வந்த பொண்ணு சொல்லி நாம கேக்கறதான்னா?”

“அப்படி இல்லீங்க மேடம்.”

“அப்புறம்?”

அரசப்பன் டூல் பெட்டியிலிருந்து புது புஷ்ஷை எடுத்து நீட்டினார். கவர்கூடப் பிரிக்கவில்லை.

“பாய்கிட்ட சொல்லத்தான் போறேன். வேற ஃபிட்டர் பாத்துக்கட்டும்.”

“சொல்லிக்கோங்க மேடம். இது ஒண்ணு மட்டும் இப்படியே இருக்கட்டுமே.”

அவள் காதில் வாங்கவில்லை. அவளே பொருத்தினாள். பெல்ட்டை ஓடவிட்டாள். உருளை சத்தமே இல்லாமல் சுழன்றது.

அரசப்பன் விறுவிறுவென்று வெளியே போனார். ‘ரோஷத்தைப் பாரு’ என்று நினைத்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்க வாசல் வழியாக ஞானாம்பாள் முறத்தோடு வந்தாள். கடைசி உருளைக்கடியில் சிந்திக் கிடக்கும் உப்பை வழித்தெடுப்பது அவள் வேலை. பெல்ட் நின்ற பிறகுதான் குனிவாள்.

ஒரு கணம் தலையைச் சாய்த்து நின்றாள். பிறகு குனிந்து, ஓடுகிற உருளைக்கடியில் கையை விட்டாள்.

“யக்கா! ஓடுது! கைய எடு!”

கத்திக்கொண்டே ஓடிவந்த அரசப்பன் சுவிட்சை அடித்தார். பெல்ட் நின்றது. முறம் உள்ளே சிக்கி நொறுங்கிக் கிடந்தது. கை தப்பியிருந்தது.

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?” சத்யப்ரியா அலறிவிட்டாள்.



“தெரியலம்மா” என்றாள் ஞானாம்பாள், மெதுவாக. “உப்பளத்து வெயில்ல வெள்ளையையே பாத்துப் பாத்து அவிஞ்ச கண்ணு. ஆள் வர்றது நிழலாட்டம் தெரியும். பெல்ட்டு ஓடுதா, நிக்குதா, அது தெரியாது. இந்த உருளை கத்துச்சுன்னா ஓடுது. கத்தலேன்னா...”



“உன்னைத் தேடித்தான்க்கா களத்துப் பக்கம் ஓடினேன். நீ இந்தப் பக்கமா வந்துட்ட” என்றார் அரசப்பன்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே.”

“சொன்னா, ஆபத்துன்னு அக்காவ வேலைய விட்டு அனுப்பிடுவீங்க மேடம். அதைத் தப்புன்னும் சொல்ல முடியாது.”

சத்யப்ரியா நொறுங்கிய முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஞானாம்பாள் தோளைத் தொட்டாள்.

“இனிமே நீங்க சாக்கு மடிக்கிற இடத்துல உக்காருங்க. மிஷின் பக்கமே வரக் கூடாது. சரியா?”

ஞானாம்பாள் தலையாட்டினாள்.

தாஜுதீன் பாய் வேகமாக உள்ளே வந்தார். “மிஷின் ஏன் நின்னுச்சு? டேய் அரசப்பா, உன் வேலையா?”

“அவர் மேல தப்பில்ல பாய்” என்றாள் சத்யப்ரியா. “நான் தேடி எடுத்த புஷ்தான் கோளாறு.”