தகட்டின் முதல் எழுத்து

புதிதாக வந்த ஆமெச்சர் பொருந்தவில்லை.

ஷியாமளா அந்த மோட்டார்த் தண்டைக் கழற்றி, துடைத்து, திரும்பவும் ட்ரில்லுக்குள் விட்டுப் பார்த்தாள். முனையில் ஐந்து பல். உள்ளே இருந்த கியர் ஆறு பல்லுக்கானது.

மாத்தளை டவுனில் பழைய மிஷின் சாமான் விற்கும் பதுர்தீன் முன்பே எச்சரித்திருந்தார். இந்த ட்ரில்லில் இரண்டு வகை. தொண்ணூறுக்கு முன் ஐந்து பல், பின் ஆறு பல். வருஷம் தெரியாமல் ஓடர் போட வேண்டாம்.

எரிந்துபோன பழைய ஆமெச்சரின் பல்லோ எண்ண முடியாதபடி தேய்ந்திருந்தது. மிஷினில் பதித்த தகட்டிலும் வருஷம் இல்லை. ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும்தான் அடித்திருந்தார்கள். இரண்டு நாள் இணையத்தில் தேடி, யாரோ போட்டிருந்த பட்டியலைப் பிடித்தாள். எழுத்து ஆண்டு, இலக்கம் வாரம். A என்றால் எண்பது, B என்றால் எண்பத்தொன்று, அப்படியே போகும்.

அவள் படித்தது F 31. எண்பத்தைந்து.

அப்பாவின் மிஷின் அல்லவா, சரியாகத்தான் இருக்கும் என்று மறுபடி பார்க்கவில்லை.

அலுவிகாரையில் அவளுடைய பட்டறைக்கே அப்பாவின் பெயர்தான். ஞானரட்ணம் மரவேலை. சுவரில் புது ட்ரில் மூன்று தொங்குகின்றன. "அதத் தூக்கிப் போட்டுட்டு வேலையப் பாரு" என்று அம்மா லூசியா ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஷியாமளா விடுகிற ஆள் இல்லை.

பல் பிரஷை மண்ணெண்ணெயில் தொட்டுத் தகட்டைத் தேய்த்தாள். காய்ந்ததும் சோக்குத் தூளைத் தடவி வழித்தாள். ஃபோன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள்.

F-இன் இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு மெல்லிய வளைவொன்று வெள்ளையாய் எழுந்து வந்தது.

F இல்லை. P.

விரல் மடக்கி எண்ணினாள். தொண்ணூற்றைந்து. முப்பத்தோராவது வாரம், ஆகஸ்ட் தொடக்கம்.

அப்பா இறந்தது தொண்ணூற்றொன்றில்.

பட்டியல் பிழையாக இருக்கலாம். ஆனால் ஆறு பல் கியரும் அதையேதான் சொன்னது.

வெளிச்சத்தை இன்னும் சாய்த்தாள். கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. பாவித்துத் தேய்ந்தால் அப்படி வராது. இருபத்தைந்து வருஷமாக மரத்தை இழைத்துத் தேய்க்கிறவளுக்கு அது தெரியாதா? சாண்ட் பேப்பர். யாரோ உட்கார்ந்து ஒரு புது மிஷினைப் பழசாக்கியிருக்கிறார்கள்.

அந்த ஆகஸ்டில் அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள்.

டிசம்பரில் அவள் திரும்பி வந்தபோது ஷியாமளாவுக்குப் பதினான்கு வயது. பெரியம்மா வீட்டில் தன்னை விட்டுவிட்டுப் போனவளோடு பேசவில்லை. கொண்டுவந்த சட்டையைப் போடவில்லை. சொக்லேட்டை வாயில் வைக்கவில்லை. அம்மா வாசலில் நிற்கும்போதே, அவள் வாங்கிய எதையும் தொடமாட்டேன் என்று பெரியம்மாவிடம் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து, பழைய சாக்கில் சுற்றிய இந்த ட்ரில்லை அம்மா கொண்டுவந்து வைத்தாள்.

"ஒங்கப்பா மிஷின். ரத்தோட்டையில ஒரு தச்சு பாஸ் வீட்டுல கெடந்துச்சு."

அதை மட்டும் ஷியாமளா வாங்கிக்கொண்டாள். அதை வைத்துத்தான் தொழில் பிடித்தாள்.

ஃபோன் அடித்தது. பதுர்தீன்.

"சரி வந்திச்சா தங்கச்சி?"

"இல்ல நானா. நான்தான் எழுத்தத் தப்பாப் படிச்சிட்டேன். இது தொண்ணூத்தஞ்சு. ஆறு பல்லு எடுத்து வைங்க, நாளைக்கே வர்றேன்."

"ஒங்கட அப்பாட மிஷின்னுதானே சொன்னீங்க?"

ஷியாமளா எழுந்து போய்ப் பட்டறையின் பின்கதவை முழுதாகத் திறந்தாள். நாலு எட்டில் அடுப்படி, உள்ளே அம்மா.

"இல்ல நானா" என்றாள், குரலை உயர்த்தி. "எங்கம்மா குவைத்துலருந்து எனக்குன்னு வாங்கிட்டு வந்தது."

அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.