இரண்டு பேருக்கான அறை

"அந்த ஓட்டல் நமக்குச் சரிப்பட்டு வராது புஷ்பம். ஒரு காபி ஐநூறு ரூபா சொல்லுவான். சொன்னா கேளு."

"எனக்குக் காபி ஓசி. காலை டிபனும் ஓசி. நேத்தே கேட்டு வச்சிட்டேன்."

மரியபுஷ்பம் பேசிக்கொண்டே பெட்டியில் புடவைகளை அடுக்கினாள். சென்னைக்குப் போகும் வாடகைக் கார் இன்னும் சற்று நேரத்தில் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்துவிடும்.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய நட்சத்திர ஓட்டல். இரண்டு ராத்திரி, இரண்டு பேர், பைசா செலவு கிடையாது. எல்லாம் அவள் கணவர் சேவியர்ராஜ் சேர்த்த பாயிண்ட்ஸ். மைன்ஸில் இன்ஜினியரான அவர் மூன்று வருடமாக ட்ரெயினிங், மீட்டிங் என்று மாதம் தவறாமல் சென்னைக்குப் போய் வருகிறார். தங்குவது அந்த ஓட்டலில்தான்; தங்கும் ஒவ்வொரு ராத்திரிக்கும் ஓட்டல்காரர்கள் பாயிண்ட்ஸ் போடுவார்கள்.

அவர் தங்கிச் சேர்த்த பாயிண்ட்ஸ் மனைவியின் போனுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவருடைய பழக்கதோஷம். மைன்ஸுக்குள் இறங்கிவிட்டால் அவரால் போனை எடுக்க முடியாது. அதனால் கேஸ், பேங்க், ஆஸ்பத்திரி என்று யார் நம்பர் கேட்டாலும் வாய் தானாக மனைவியின் நம்பரைச் சொல்லிவிடும். ஓட்டல் ரிசப்ஷனிலும் சொல்லியிருக்கிறது. சொன்னது அவருக்கு நினைவுகூட இல்லை.

"அந்த பாயிண்ட்ஸுக்கு மிக்ஸி, குக்கர்னு ஏதாவது குடுப்பான். வாங்கிக்கலாமே," என்றார்.

"முப்பது வருஷமா மிக்ஸியோடதான் குடித்தனம் பண்றேன். இன்னொண்ணு வேறயா?"

"சரி, பாண்டிச்சேரி போலாம். கிட்டக்க. ராத்திரிக்குள்ள வூட்டுக்கு வந்துடலாம்."

"வந்து? ராத்திரிக்கு யாரு தோசை ஊத்தறது? நான்தானே?"

சேவியர்ராஜுக்குச் சாக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. முட்டி வலிக்கிறது என்றார். சென்னையில் மழை என்றார். வெயில் வாசலில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

மரியபுஷ்பம் பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"இத பாருங்க. நீங்க ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போனப்ப இருட்டோட எழுந்து சமைச்சேன். நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கினப்ப புள்ளைங்க வாயைப் பொத்தி வச்சிக்கினு உக்காந்திருந்தேன். நீ சாப்புட்டியான்னு ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல. அங்க எனக்கு யாராவது மெத்தை விரிக்கட்டும். காபி குடிச்ச கப்பைக் கழுவாம அப்படியே வச்சிட்டு எழுந்திரிக்கப் போறேன். நான் போறேன்னா போறேன்தான்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. கடைசி முயற்சியாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தார்.

"அங்க வர்றவங்க எல்லாம் வேற மாதிரி ஆளுங்க. நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க."

"யாரு சிரிக்கிறது? அந்த ஓட்டல்லேருந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. என்னா மரியாதை தெரியுமா? 'மறுபடியும் எப்ப மேடம் வரீங்க'ன்னு கேட்டுச்சு."

சேவியர்ராஜ் தலை சீவுவதை நிறுத்தினார்.

"அது... எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். என்னைத் திரும்ப வரச்சொல்லிக் கூப்புடறதுக்கும் ஒரு எடம் இருக்கே."

அவருக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது. பெருமூச்சு விட்டுக்கொண்டு பீரோவைத் திறந்து, நல்ல சட்டைகளாக இரண்டை எடுத்துத் தன் பையில் வைத்தார்.

"சரி போலாம். ஆனா ரிசப்ஷன்ல நீ எதுவும் பேசாத. தள்ளி சோபாவுல உக்காந்துக்க. நான் சாவி வாங்கியாறேன்."

"எதுக்கு? நம்பர் என்னுது. நான்தான் பேசுவேன்."

வாசலில் கார் வந்து ஹாரன் அடித்தது. மரியபுஷ்பம் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு வாசல் வேப்பமரத்தைத் தாண்டி நடந்தாள். சேவியர்ராஜ் கேஸை மூடி, கதவைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார்.

"நீங்க எங்க பையைத் தூக்கிக்கினு வரீங்க?" என்றாள் அவள். "பிரிட்ஜுல மாவு இருக்கு. ஊத்திச் சாப்புடுங்க."

"என்ன வெளையாடறியா? ரெண்டு பேருக்கு ரூம்னு நீதானே சொன்னே?"

"ஆமா, ரெண்டு பேருதான்."

டிரைவர் இறங்கி அவள் பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்தார். காரின் பின்பக்கக் கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அழுது வீங்கிய கண்களால் சேவியர்ராஜை நேராகப் பார்த்தாள். அவர் கையிலிருந்த பை நழுவி மண்ணில் விழுந்தது.

"சோபியா மேடம்னு இவங்க பேரைச் சொல்லித்தான் அந்த ஓட்டல் பொண்ணு என்னைக் கூப்புட்டுச்சு. உங்க போன்ல தேடினேன், நம்பர் இருந்திச்சு," என்றபடி மரியபுஷ்பம் அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "உங்க ட்ரெயினிங்குக்கெல்லாம் கூடவே வந்தவங்க, பாதி பாயிண்ட்ஸ் இவங்களுதுதானே? பாவம், பொண்டாட்டி செத்துப்போயிட்டான்னு நீங்க சொன்னதை மூணு வருஷமா நம்பிக்கினு இருந்திருக்காங்க."