கேலரியில் கத்தியவன்

“ஒரே ஒரு ஆட்டம், டுவைட்டு. விசிலை வாயில வெச்சுக்கிட்டு, பாதியில ஓடாம முடிச்சுட்டு வா. உன் மேல இருக்கிற தடையை எடுத்துடறேன். அடுத்த சனிக்கிழமை உன் பொண்ணு ஆடுற ஃபைனலை ஜம்முனு உட்கார்ந்து பார்க்கலாம்” என்றாள் நோரீன்.

ஊர் ஐஸ் ஹாக்கி சங்கத்துக்குத் தலைவி அவள். டிராக்டர் உதிரிபாகக் கடை டுவைட்டை அரங்கத்துப் பக்கமே வரக் கூடாது என்று விரட்டியவளும் அவள்தான். காரணம், அவன் வாய். அந்த வாய்க்குப் பயந்து இந்தக் குளிர்காலத்தில் மட்டும் மூன்று இளம் நடுவர்கள் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“ப்பூ, இவ்வளவுதானா? இத்தனை வருஷமா கேலரியில நின்னு நான்தானே எல்லா ஆட்டத்துக்கும் தீர்ப்பு சொல்றேன்!”

“அதான் ஊருக்கே தெரியுமே” என்றாள் நோரீன்.

நடுவர் பயிற்சி வகுப்புக்குப் போனான். பாதி நேரம் தூங்கினான், மீதி நேரம் வகுப்பு எடுத்தவரைத் திருத்தினான். ஞாயிற்றுக்கிழமை காலை, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை தொப்பையைப் பிடிக்க, ஹெல்மெட்டும் ஸ்கேட்டுமாக ஐஸில் இறங்கினான். எட்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டம்தான்.

ஐஸ் ஓரத்துக் கண்ணாடி அறையான கடிகாரப் பெட்டிக்குள் அவன் மனைவி மார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். சங்கத்துப் பெற்றோர்கள் முறை வைத்துச் செய்யும் வேலை அது. கடிகாரத்தை ஓட்டுவதும், ஆட்டம் நிற்கும்போதெல்லாம் செல்போனை ஒலிபெருக்கியில் மாட்டிப் பாட்டுப் போடுவதும் அவர்கள் பொறுப்பு.

“இன்னிக்கு உன் முறை இல்லையே?”

“நானே கேட்டு வாங்கினேன். நீ முதல் தடவை நடுவரா நிக்கறே, பக்கத்துல இருக்க வேண்டாமா?”

டுவைட் நெகிழ்ந்துபோனான்.

ஆட்டத்தைத் தொடங்கி வைக்க, இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ரப்பர் வட்டைப் போட்டான். அது ஐஸில் விழாமல் அவன் ஸ்கேட் மேலேயே விழுந்தது. அந்த இரண்டு பொடிசுகளும் மட்டையால் அவன் கணுக்காலைப் பதம் பார்த்தன. ஐயோ என்று விசிலை ஊதினான்.

“யோவ் ரெஃப்ரி! கண்ணைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வந்தியா?”

கேலரிப் பக்கத்திலிருந்து தகரக் கூரை அதிர ஒரு குரல். கேலரியே குலுங்கிச் சிரித்தது. டுவைட் நிமிர்ந்து பார்த்தான். கம்பளித் தொப்பியும் மஃப்ளருமாக மூடிய முகங்கள். எவன் என்று தெரியவில்லை.

“அங்கிள், லேஸ் அவுந்துடுச்சு” என்று ஒரு குட்டி ஆட்டக்காரன் சட்டையை இழுத்தான். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க மண்டியிட்டுக் கட்டிவிட்டான்.

“தூங்குமூஞ்சி! உனக்கெல்லாம் எவன்டா விசில் குடுத்தான்?”

மறுபடி சிரிப்பு. டுவைட்டின் காது சூடானது. அந்தப் பதற்றத்தில் ஆஃப்சைடா இல்லையா என்று குழம்பி, பின்பக்கமாகச் சறுக்கப் போய், நீலக் கோட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். விசில் தானாக ஊதிக்கொண்டது.

“விசிலைக் கழட்டிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுடா!”

இந்தத் தடவை கைதட்டலும் சேர்ந்துகொண்டது. டுவைட்டுக்குக் கோபம் போய் அழுகை வந்தது. அப்படியே வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது. மகள் டெஸ்ஸாவின் ஃபைனலை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். மிச்ச ஆட்டம் முழுக்க அந்தக் குரல் அவனை விடவே இல்லை.

முடிந்ததும் கடிகாரப் பெட்டிக்குப் பாய்ந்தான். நோரீன் அங்கேதான் நின்றிருந்தாள்.

“எவன் அவன்? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!”

“விடு டுவைட்டு. போன மாசம் பதினஞ்சு வயசு ரெஃப்ரி பையன் ஒருத்தன், இதே மாதிரிதான் கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்து நின்னான். அன்னிக்குக் கத்தினது நீ.”

“அது வேறங்க! நான் பேசினது ஆட்டத்தைப் பத்தி. இவன் மனுஷனையே அசிங்கப்படுத்தறான். இவனைச் சும்மா விடக் கூடாது.”

“சரி, என்ன பண்ணலாம்? ரெண்டு ஆட்டத்துக்குத் தடை போடவா?”

“ரெண்டா? ஆயுசுக்கும் இந்த வாசலை மிதிக்கக் கூடாது! அவனுக்கும் ஒரு குழந்தை இருந்தா, அது எவ்வளவு கூனிக் குறுகும்னு யோசிச்சுப் பார்த்தானா?”

“ஆயுசுக்குமா? கொஞ்சம் ஆறப் போட்டு யோசியேன்.”

“யோசிக்க என்ன இருக்கு? நடுவர் நான் சொல்றேன், அதுதான் தீர்ப்பு!”

“உன் இஷ்டம்” என்று பெருமூச்சு விட்டாள் நோரீன். “மார்லிஸ், ஆளைக் காட்டும்மா.”

மார்லிஸ் ஒலிபெருக்கியிலிருந்து செல்போனைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டி, பொத்தானை அழுத்தினாள். “பாத்திரம் கழுவுடா!” என்று அதே குரல் அலறியது, அதன் பின்னாலேயே போனுக்குள்ளிருந்து மார்லிஸின் குரல், “உட்காரு டுவைட்டு, போதும். டெஸ்ஸா ஐஸ்ல நின்னு அழுதுட்டிருக்கா பாரு.”